கடைசிவரை உட்கார்ந்திருப்பவர்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. பொறியியல் முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஊரில்தான் இருக்கிறேன். போன அக்டோபர் 2 அன்று முதல்முறையாகக் கிராம சபைக்குப் போனேன். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இரண்டு குடும்பங்கள்தான் மாறிமாறித் தலைவர் பதவியில். பெண்களுக்கு ஒதுக்கினால் மனைவி, அடுத்த முறை மருமகள். எழுந்து கணக்குக் கேட்டேன். “நீ யாரு மகம்லே?” என்றார்கள். சிரிப்பு. வந்துவிட்டேன்.

பிறகு ராபர்ட் மிக்கெல்ஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளரைப் பற்றிப் படித்தேன். எந்த அமைப்பும் கடைசியில் ஒரு சிறு கூட்டத்தின் கைக்குத்தான் போகும் என்கிறார். அப்படியானால் அரசியல் மேட்டுக்குடி தவிர்க்க முடியாததா? சமூகத்துக்கு அது தேவையும்தானா? தேர்தலை விட்டுவிட்டு உத்திரமேரூர் மாதிரி குடவோலையில் சீட்டு எடுத்தால் என்ன? குறைந்தது பட்டப்படிப்பையாவது தகுதியாக வைக்கலாமே? அல்லது எல்லாவற்றையும் அதிகாரிகளிடமே விட்டுவிடலாமா? எப்படியும் இப்படித்தான் இருக்கும் என்றால், நல்ல ஓர் ஆளிடம் மொத்தத்தையும் கொடுத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

பெயர் வேண்டாம் அண்ணாச்சி.

*

அன்புள்ள தம்பி,

இத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பதில் எழுத வைத்தது அவற்றில் எதுவும் இல்லை. “வந்துவிட்டேன்” என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்களே, அது. கொஞ்ச நாளாகவே மனதில் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கிற விஷயம். கடைசியில் அங்கே வருகிறேன்.

பட்டப்படிப்புத் தகுதியை முதலில் தள்ளிவிடுகிறேன். ராஜஸ்தான் ஊராட்சித் தேர்தலுக்குப் படிப்புத் தகுதி வைத்துப் பார்த்து, 2019-ல் எடுத்துவிட்டது. ஹரியானா வைத்ததை 2015-ல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. யார் ஏற்றாலும் சரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாத பெண்ணை, அனுப்பப்படாததைக் காரணம் காட்டி மறுபடியும் வெளியே நிறுத்துவது அநியாயம். இதற்கு மேல் அதைப் பேச எனக்கு விருப்பமில்லை.

மிக்கெல்ஸுக்கு வருவோம். அவர் 1911-ல் எழுதியது ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியைப் பார்த்து. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் உறுப்பினர்களாக இருந்த, சமத்துவத்தையே கொள்கையாகக் கொண்ட கட்சி. அதற்குள்ளேயே முடிவெடுப்பவர்கள் ஒரு கைப்பிடிப் பேர்தான் என்று கண்டார். நீங்கள் அவர் கண்ட முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு காரணங்களைத் தாண்டிப் போய்விட்டீர்கள். லட்சம் பேர் தினமும் கூட முடியாது. ஆகவே முழுநேரம் வேலை பார்க்க ஆள் வேண்டும். அப்படி வேலை பார்ப்பவனுக்குக் கணக்கும் சட்டமும் கட்சிப் பத்திரிகையும் கைவந்துவிடுகின்றன, மற்றவர்களுக்கு வருவதில்லை. கொஞ்ச வருடத்தில் அவன் இல்லாமல் காகிதம் நகராது. உறுப்பினர்களுக்கோ அவன்மேல் நன்றி வேறு. கவனியுங்கள், இதில் சதி என்று ஒன்றும் இல்லை. வேலைப் பழக்கம் ஓரிடத்தில் சேர்வதுதான்.

அதே மிக்கெல்ஸ் பின்னாளில் முசோலினியின் கட்சியில் போய்ச் சேர்ந்தார். ‘தவிர்க்க முடியாது’ என்று சொன்ன வாய், ‘அப்படியானால் இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று சொல்ல அதிக காலம் ஆகவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். இருபத்துச் சொச்சம் வயதில் ஒரு பிள்ளை இப்படி எழுதினால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

மேட்டுக்குடி தேவையா என்பதற்கு உங்கள் ஊர் வயலே பதில் சொல்லும். கன்னடியன் கால்வாய் பாய்கிற பூமி உங்களுடையது. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டு, 11 கால்வாய். பாபநாசம் அணை 143 அடியும் நிறைந்து நிற்கிற வருடத்தில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஜூனில் மழை பிந்தி, கார் சாகுபடிக்குத் தண்ணீர் காணாது என்கிற வருடத்தில்தான் ஆள் தேவைப்படுகிறது. இருக்கிற கொஞ்சத் தண்ணீரை எல்லா மடைக்கும் சமமாகப் பிரித்துவிட்டால் நியாயம் போலத் தெரியும். ஆனால் காய்ந்து வெடித்த வாய்க்கால் தரை முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். மெலிந்து வரும் தண்ணீர் பாதி வழியிலேயே ஊறிப்போகும். கடைமடை எட்டிப் பார்க்காது. அதனால் மொத்த ஓட்டத்தையும் ஒரு பக்கம் திருப்பி, இத்தனை நாள் இங்கே, அடுத்த இத்தனை நாள் அங்கே என்று முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். முறை வைத்தால், கண் முன்னால் தண்ணீர் ஓட, தலைமடைக்காரரிடம் “இன்னைக்கு உமக்கு இல்லை” என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். பற்றாக்குறையில் ‘இல்லை’ சொல்வதற்கும், சொன்னதை நிறைவேற்றுவதற்கும் சிலரிடம் அதிகாரத்தைக் கொடுக்கிறோமே, அதற்குப் பெயர்தான் அரசியல். அது இல்லாமல் ஊர் இல்லை.

குளத்து நீர்பாய்ச்சிக்கும் இதே அதிகாரம் உண்டு. அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் அளப்பது வழக்கம். அவர் ஓரவஞ்சனை செய்தால் மறுநாள் காலையில் தெரிந்துவிடும். எந்த வயல் நனைந்தது, எது வெடித்துக் கிடக்கிறது என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட வரப்பில் நடந்துபோய்ப் பார்த்துவிடலாம். அவர் கணக்கு வெட்டவெளியில் கிடக்கிறது. ஊராட்சிக் கணக்கு பீரோவுக்குள் கிடக்கிறது. அங்கிருந்துதான் மேட்டுக்குடி பிறக்கிறது என்பது என் வாதம். சாதியும் நிலமும் பணமும் பீரோச் சாவியை எட்டும் வழிகள். எளிதான வழிகள், ஒப்புக்கொள்கிறேன். இந்த ஊரில் அதை மறுப்பவர் யார்?

இனி நீங்கள் கொண்டாடும் குடவோலை. உத்திரமேரூருக்கு ஏன் போனீர்கள்? அதற்கு நூறு வருடம் முந்திய சபைக் கல்வெட்டு நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் ரோட்டில் மானூர். அங்குள்ள அம்பலநாதர் கோயிலில், வட்டெழுத்தில், பாண்டியன் மாறஞ்சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 800-ல் வெட்டியது. மானநிலைநல்லூர் மகாசபை கூடிச் செய்த முடிவு. ஊரில் பங்குடையவர்களின் மக்களில் நல்லொழுக்கமும், மந்திர பிராமணம் என்ற வேதப் பகுதியிலும் ஒரு தர்ம நூலிலும் பயிற்சியும் உள்ளவரே பங்குக்கு ஒருவராகச் சபையில் உட்காரலாம். விலைக்கு வாங்கிய பங்கு, கொடையாக வந்த பங்கு, சீதனமாக வந்த பங்கு எல்லாவற்றுக்கும் விதி. கால், அரை, முக்கால் உறுப்பினர் என்ற பேச்சே கிடையாது. முழு உறுப்பினர் அல்லாதவர் வாரியங்களில், அதாவது சபையின் செயற்குழுக்களில், இடம்பெறக் கூடாது. நீங்கள் கேட்ட படிப்புத் தகுதி 1200 வருடத்துக்கு முன்பே வைத்தாயிற்று தம்பி. நிலம் இல்லாதவர், பெண்கள், பிராமணர்களுக்குக் கொடையாக விட்ட அந்தப் பிரமதேய ஊரின் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் யாருக்கும் அங்கே இடம் இருந்ததாக அந்தக் கல் சொல்லவில்லை.

அதன் கடைசி விதியைத்தான் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சபையில் எது பேசினாலும் ‘அன்று, அன்று’ என்று விடாமல் மறுத்துக்கொண்டிருப்பவரும், அவருக்குத் துணை நிற்பவரும், அப்படிச் செய்த ஒவ்வொன்றுக்கும் 5 காசு தண்டம் கட்ட வேண்டும். ஒரு சபை காரணம் இல்லாமல் இப்படி விதி செய்யாது. யாரோ ஒருவர், ஒருவேளை சிலர், கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று மறுத்திருக்கிறார்கள். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவரை அடக்கச் செய்த ஏற்பாடு கல்லில் நிற்கிறது. அவர் வீண் வம்புக்காரராகவும் இருந்திருக்கலாம். எனக்கு அவர்மேல் பிரியம். ஏனென்றால் “நீ யாரு மகம்லே” என்று உங்களிடம் கேட்டதும் அதே 5 காசுத் தண்டம்தான். நீங்கள் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். அவர் கட்டிவிட்டு மறுபடியும் கையைத் தூக்கியிருப்பார். இல்லாவிட்டால் ‘ஒவ்வொன்றுக்கும்’ என்று எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

உத்திரமேரூருக்கும் வருகிறேன். சோழன் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை. அதுவும் நிலமும் வேதமும் உள்ளவர்களுக்குள் எடுத்த சீட்டுதான். கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். அதை எல்லாருக்குமான ஜனநாயகம் என்று மேடையில் முழங்குபவர்களை நம்பாதீர்கள். சீட்டு எடுத்ததைவிட, ஊரை வார்டு மாதிரி 30 குடும்பாகப் பிரித்ததைவிடப் பெரிய காரியம் ஒன்று அதில் இருக்கிறது. முந்திய மூன்றாண்டில் வாரியம் செய்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரைப் போடவே கூடாது. அவர் மட்டுமல்ல, சிற்றப்பன், மாமன், அத்தை மகன், மருமகன் என்று உறவுமுறை சொல்லிச்சொல்லி விலக்கியிருக்கிறார்கள். வாரியத்துக்கு ஆயுள் 360 நாள். மானூர்க் கல் யார் உள்ளே வரலாம் என்று பேசுகிறது. உத்திரமேரூர்க் கல் யார் எப்போது வெளியே போக வேண்டும் என்றும் பேசுகிறது. மனைவி, மருமகள் என்று நீங்கள் எழுதினீர்களே, அந்த நோய்க்கு அவர்களிடம் ஒரு பட்டியலே இருந்தது. சீட்டுக் குலுக்கலை விட்டுவிட்டு அந்தப் பட்டியலைக் கேளுங்கள், நானும் வருகிறேன்.

ஆள் மாற வேண்டும் என்று நான் சொல்வது பொறாமையால் அல்ல. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி. தேவைப்பட்டார். சட்டம் தெரிந்தவர், துரைகளிடம் பேசத் தெரிந்தவர், தொழிலாளர்கள் நம்பியவர். அவரும் சுப்பிரமணிய சிவாவும் நின்றதால் கூலி உயர்வு கிடைத்தது. மார்ச் 12-ல் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. அதன் பிறகு? சுதேசிக் கப்பல் கம்பெனி 1911-க்குள் முடிந்துபோனது. போட்டிக் கம்பெனியின் கட்டணக் குறைப்பும் அரசின் நெருக்கடியும் சேர்ந்த கதை அது, ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் எல்லாப் பாரத்தையும் ஒரு தோளில் ஏற்றினால் எதிரிக்கு ஒரு கைவிலங்கு போதும். எவ்வளவு பெரிய தோளாக இருந்தாலும்.

அதிகாரிகளிடம் விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். விட்டுப் பார்த்தோமே! 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் காலம் முடிந்தது. 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. திருநெல்வேலி, தென்காசி உட்பட 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான். ஐந்து வருடம் நம் ஊர்களில் தேர்ந்தெடுத்த தலைவரே கிடையாது. தனி அலுவலர் என்ற பெயரில் வட்டார வளர்ச்சி அலுவலர், ஒருவர் தலையில் பல ஊராட்சி. மேட்டுக்குடி ஒழிந்ததா? தெருவிளக்கு எரியவில்லை என்றால் சட்டையைப் பிடிக்க ஆள் இல்லாமல் போனதுதான் மிச்சம். மனுவை எடுத்துக்கொண்டு யூனியன் ஆபீஸுக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. மத்திய நிதிக்குழு மானியமும் தேர்தல் நடக்காததால் நின்றது. பீரோச் சாவி யாரிடமும் இல்லாமல் இருக்கவில்லை. உங்கள் ஓட்டு எட்டாத இடத்துக்குப் போயிருந்தது.

இப்போது ‘வந்துவிட்டேன்’ என்பதற்கு வருகிறேன்.

கிராம சபையில் காரியம் கெடுவது எங்கே என்று தெரியுமா? கூட்டத்தின் நடுவில் நடக்கும் சத்தத்தில் இல்லை. கூட்டம் தொடங்குவதற்கு முன்பும், கலைந்த பிறகும். 500 பேர்வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்று குறைவெண், அதாவது குறைந்தது இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு, இருக்கிறது. அதை நிரப்ப நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை வரிசையில் நிறுத்தி வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்து விழுந்ததும் அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். தீர்மானப் புத்தகத்தில் பொருள் எண் மட்டும் போட்டு, கீழே வெற்று இடம் விட்டிருக்கும். கூட்டம் முடிந்து நாற்காலியை அடுக்கும்போது ஒரு நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வெற்று இடத்தை நிரப்புபவர்கள் அவர்கள்தான். உங்கள் ஊர் மேட்டுக்குடி அந்த நான்கு பேர். நீங்கள் எழுந்து வந்த நேரத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். படித்த பிள்ளைகள் ஒரு தடவை அவமானப்பட்டதும் எழுந்து வந்து, ஐரோப்பிய அறிஞரின் பெயரைச் சொல்லி ஆறுதல் தேடுகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் எழுந்து கேட்க நினைத்த ஒரு பிள்ளையும் அன்றைக்கு வாயை மூடியிருக்கும்.

திட்டிவிட்டேன். மனதில் வைக்காதீர்கள். பயமும் நியாயம்தான். 2011 ஜூனில் தாழையூத்து ஊராட்சித் தலைவியாக இருந்த பட்டியலினப் பெண்ணை வெட்டிச் சாய்த்தார்கள். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முயன்றது அதன் பின்னணி. அவர் பிழைத்தது பெரிய காரியம். தேர்ந்தெடுத்த தலைவிக்கே அந்தக் கதி என்றால் தனியாக எழுந்து நின்ற உங்களுக்குச் சிரிப்போடு போயிற்று. அதனால் இனித் தனியாகப் போகாதீர்கள். குழாயடியில் நிற்கும் பெண்கள் பத்துப் பேரோடு போங்கள்.

ஏன் அவர்கள் என்றால், ஊராட்சிக் கணக்கில் வீக்கம் விழுவது பெரும்பாலும் மூன்று இடத்தில்: மோட்டார் பழுது, தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர். மோட்டாருக்குக் காயில் (உள்ளே சுற்றும் கம்பிச் சுருள்) கட்டியதாகப் பில் இருந்தால், காயில் கட்டக் கழற்றிக்கொண்டு போன நாளில் தண்ணீர் வந்திருக்காது. எந்தத் தேதியில் தண்ணீர் வரவில்லை என்பது குழாயடிக்குத் தெரியும், பில்லில் தேதி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும். மாற்று மோட்டார் போட்டோம் என்பார்கள். அப்படியானால் இருப்புப் பதிவேட்டில் அந்த மோட்டார் இருக்க வேண்டும். தெருவிளக்குக்கு, கூட்டத்துக்கு முந்திய இரவு கம்பங்களை எண்ணி, எரிவது இத்தனை, அணைந்தது இத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பிளீச்சிங் பவுடருக்குப் பொறியியல் படித்த நீங்களே கணக்குப் போடலாம். 33 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு தடவைக்கு 120 கிராம். தினம் ஒரு தடவை நிரப்பினால் மாதம் 3.6 கிலோ, 25 கிலோ மூட்டை ஏழு மாதத்துக்குக் கிட்டே வரும். இரண்டு தடவை நிரப்பினால் அதில் பாதி. மாதம் ஒரு மூட்டை என்று பில் இருந்தால் கேள்வி இருக்கிறது. அவசரப்பட்டுத் திருட்டு என்று சொல்லிவிடாதீர்கள். சாக்கடைக்குத் தூவுவது தனி, தொட்டி கழுவுவது தனி. வாய் திறந்து ஈரத்தில் கிடந்த மூட்டை வீரியம் இழந்து கூடுதலாகவும் தேவைப்படும். ஆகவே எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். தண்ணீரில் பவுடர் வாசனை கடைசியாக என்றைக்கு வந்தது என்று குழாயடி சொல்லும்.

ஓடை தூர்வாரியதாக இருந்தால் அளவுப் புத்தகத்தைக் கேளுங்கள். 200 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் 200 கனமீட்டர் மண். அத்தனை மண் கரையில் எங்கே கிடக்கிறது? மழைக்கு அப்புறம் கேட்டால் ‘கரைந்துபோச்சு’ என்ற பதில்தான் வரும். வேலை நடக்கும்போதே, பழைய தரைமட்டம் தெரிய நடுவில் விட்டுவைக்கும் மண்மேட்டைப் படமெடுத்துவிடுங்கள்.

அடுத்தது மார்ச் 22, தண்ணீர் தினக் கிராம சபை. அறிவிப்பு ஏழு நாள் முன்னால் வந்திருக்க வேண்டும். வரவு செலவு அறிக்கையும் தணிக்கை அறிக்கையும் அன்றைய பொருளில் இருக்கும், வாசிக்கச் சொல்லுங்கள். “நீ யாரு மகன்” என்று கேட்டால் அப்பா பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கேள்வியைத் தொடருங்கள். தீர்மானத்தை அங்கேயே எழுதி, வாசித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்ட பிறகு கையெழுத்து. அதுவரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். வந்த பெண்களுக்குத் தண்ணீரும் நிழலும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவர்களால் உட்கார முடியாது. புத்தகத்தைக் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாள். நகல் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். முழுவதையும் அனுப்பக்கூட வேண்டாம், பிளீச்சிங் பவுடர் பக்கம் ஒன்று போதும்.

அன்புடன்.